ஏழு பாகை வானம்: கொழும்பிலிருந்து வானியல் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

பல்கலைக்கழக முதல் வருடத்தில் வானியலைத் தெரிவுப் பாடமாக எடுத்தேன். பாடநூலில் இருந்த முதல் படத்தை அப்படியே கொப்பியில் கீறினேன். தரையில் ஒருவர் நிற்கிறார், வடக்கே பாதி வானத்தில் துருவ நட்சத்திரம், மற்ற நட்சத்திரங்கள் எல்லாம் அதைச் சுற்றிச் சரிவாக ஏறி இறங்குகின்றன. அதை நம்பி வெள்ளவத்தையில் எங்கள் மொட்டை மாடியில் பல இரவுகள் வடக்கே பாதி உயரத்தில் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பாடம் எனக்கு விளங்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அந்தப் படம் 40 பாகை வட அகலக்கோட்டில் வாழும் மாணவருக்காக வரையப்பட்டது. கொழும்பு இருப்பது 6.9 பாகையில். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்துக்கு மேலே ஏழு பாகைதான் எழும்பும். வடக்கே இருக்கும் தொடர்மாடிகளும் புழுதியும் வெளிச்சமும் அதை மறைத்துவிடும்.

உயர்தரம் முடித்து, அறிமுக வானியலைத் தனியாகவோ பல்கலைக்கழகத்திலோ படிக்கத் தொடங்குபவர்களுக்கு எழுதுகிறேன். நான் சொல்லும் முறை இதுதான்: புத்தகத்தில் எந்தப் படம் வந்தாலும் அதை ஏழு பாகைக்கு மாற்றி வரையுங்கள், பிறகு வெளியே போய்ச் சரிபாருங்கள்.

படி 1: கையை அளவுகோலாக்குங்கள்

தொலைகாட்டி இப்போது வேண்டாம். ஒரு கொப்பி, அடிமட்டம், ஒரு மீற்றர் நீளத் தடி, நூல், இவை போதும். கைத்தொலைபேசியில் ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியைப் போட்டு, இடத்தைக் கொழும்பு என்று கொடுத்துவிடுங்கள். காசு மிஞ்சினால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்கலாம். முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும். கலிலியோ 1610இல் கண்டவை அவைதான். மலிவான ஆட்டம் காணும் முக்காலியோடு வரும் தொலைகாட்டிக்கு அதே காசைக் கொடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

வானத்தில் தூரத்தைப் பாகையில் அளப்போம். கையை முழுதாக நீட்டுங்கள். சின்னிவிரலின் அகலம் ஒரு பாகை, பொத்திய கை பத்து, விரித்த சாண் இருபது. முழு நிலவு அரைப் பாகைதான். சின்னிவிரல் அதை முழுதாக மறைத்து மிச்சமும் இருக்கும். நம்பாதவர்கள் அடுத்த போயாவில், அதாவது முழு நிலா நாளில், பார்க்கலாம்.

கையைப் பழக்க நல்ல இடம் காலிமுகத்திடல். மேற்கே கடல், மறைக்க எதுவும் இல்லை. சூரியன் மறையும் புள்ளியை வாரம் ஒருமுறை குறியுங்கள். டிசெம்பரில் அது நேர் மேற்கிலிருந்து 23 பாகைக்கும் சற்றுக் கூடத் தெற்கே இருக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே. மொத்தம் இரண்டு சாணுக்கும் கொஞ்சம் மேலே. மார்ச்சிலும் செப்டெம்பரிலும் அந்தப் புள்ளி வாரத்துக்கு மூன்று சின்னிவிரல் அகலம் ஓடும். டிசெம்பரில் நின்றே விட்டதுபோல் இருக்கும். பருவகாலம் பற்றிய அத்தியாயத்தை இந்தக் குறிப்புகளுக்குப் பிறகு வாசியுங்கள், பூமியின் 23.4 பாகைச் சாய்வு உங்கள் கையிலேயே இருக்கும். இங்கே நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 48 நிமிடம் மட்டும். அதனால்தான் நமக்குப் பருவங்களை மழை சொல்கிறது.

சூரியன் அடிவானத்தைத் தொட்டபின் பார்ப்பது வேறு. அதற்கு முன் வெறுங்கண்ணால் உற்றுப் பார்க்க வேண்டாம். பைனாகுலரால் எந்த நேரத்திலும் வேண்டாம், கண் திரும்பி வராது.

படி 2: யாழ்ப்பாணத்துக்கு ஒரு அழைப்பு எடுத்துப் பூமியை அளவுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது. வருடத்தில் இரண்டு நாள்தான் வாய்க்கும் என்பதால் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

ஏப்ரல் 7 அளவில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். செப்டெம்பர் 5 அளவில் திரும்பி வரும். ஏப்ரல் நாளில் நேரம் 12.12 அளவு. நமது கடிகாரம் 82.5 பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது. கொழும்பு 79.9இல் இருப்பதால் நமது மதியம் பன்னிரண்டைத் தாண்டித்தான் வரும். அந்த நேரத்தில் நிமிர்த்தி வைத்த தடிக்கு நிழல் இல்லை. 40 பாகையில் வாழும் மாணவர் இதை ஒருநாளும் காணமாட்டார்.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் இல்லாத கொழும்புத் தமிழர் குறைவு. சித்தப்பாவோ மச்சாளோ, யாராவது ஒருவரை முதல்நாளே பிடியுங்கள். அவர் முற்றத்தில் ஒரு மீற்றர் தடியை நட வேண்டும். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, தடி அதற்குச் சமாந்தரமாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 12.05இலிருந்து 12.20 வரை ஒவ்வொரு நிமிடமும் நிழல் நுனியைக் குறிக்க வேண்டும். மிகக் குறுகிய நிழலே வேண்டியது. நுனி மங்கலாக இருக்கும், ஏனென்றால் சூரியன் புள்ளி அல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. மங்கலின் நடுவை எடுக்கச் சொல்லுங்கள்.

சரியாகச் செய்தால் அங்கே நிழல் ஏறத்தாழ 4.8 சென்ரிமீற்றர் வரும். ஒரு மீற்றருக்கு 4.8 சென்ரிமீற்றர் என்றால் கோணம் 2.7 பாகை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ நேர் வடக்கே 300 கிலோமீற்றர். 2.7 பாகைக்கு 300 என்றால் 360 பாகைக்கு 40,000 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவு அதுதான். 2,200 வருடங்களுக்கு முன் எரதொஸ்தனீஸ் அலெக்சாந்திரியாவிலிருந்து செய்த கணக்கு இது. நமது இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் அவருக்கு அமைந்ததைவிட நமக்கு வசதி அதிகம்.

யாழ்ப்பாணத்தில் நிழல் இல்லாத நாள் அடுத்த வாரமே, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும். அப்போது தடி கொழும்பில் நிழல் தரும், ஆனால் நிழல் தெற்கே விழும். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் தொடக்கம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது என்பதைப் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கவனிக்கிறார்கள்.

படி 3: போயாவையும் பஞ்சாங்கத்தையும் பாடநூலாக வையுங்கள்

சந்திரனுக்கு விடுமுறை விடும் நாட்டில் இருக்கிறோம். போயா தினத்தைக் கடைசி நாளாக வைத்து, அதற்கு முந்திய இரண்டு வாரமும் மாலை ஏழு மணிக்குச் சந்திரன் எங்கே என்று எழுதுங்கள். நாளுக்குச் சராசரி 50 நிமிடம் பிந்தி உதிக்கும், நட்சத்திரங்களுக்கு நடுவே 13 பாகை கிழக்கே நகரும். ஒரு நட்சத்திரத்திலிருந்து கிளம்பி அதே நட்சத்திரத்துக்கு வர 27.3 நாள். பஞ்சாங்கத்தில் 27 நட்சத்திரங்கள் இருப்பது அதனால். பௌர்ணமியிலிருந்து பௌர்ணமிக்கு 29.5 நாள், ஏனென்றால் அதற்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடும். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பரீட்சையில் வரும்.

தைப்பூசம், மாசி மகம், திருக்கார்த்திகை என்ற பெயர்களில் முழு நிலவு எந்த நட்சத்திரத்தருகே நிற்கும் என்பதே இருக்கிறது. வைகாசி விசாகமும் வெசாக்கும் ஒரே நட்சத்திரத்தின் பெயர். கார்த்திகை விளக்கீட்டன்று வெளியே வந்து நிலவுக்குப் பக்கத்தில் பைனாகுலரைத் திருப்பினால் கார்த்திகைக் கூட்டமே தெரியும், வெறுங்கண்ணுக்கு நிலா வெளிச்சம் விடாது.

பிறையையும் கவனியுங்கள். புத்தகத்தில் பிறை நிமிர்ந்து நிற்கும். இங்கே மூன்றாம் பிறை தோணி போலக் கிடக்கும். சூரியன் இங்கே ஏறக்குறைய நேர்கீழாகக் கடலில் இறங்குகிறது, பிறையின் வெளிச்சப் பக்கம் சூரியனைப் பார்த்தபடி கீழே திரும்பியிருக்கும். நமது பழைய படங்களில் சிவன் தலையில் இருக்கும் பிறை நமது அகலக்கோட்டின் பிறை.

கெப்ளரின் மூன்றாம் விதிக்கும் பஞ்சாங்கம் உதவும். குருப்பெயர்ச்சி ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறை. இராசி பன்னிரண்டு. ஆகவே வியாழன் சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 12 வருடம். சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை, ஆக 30 வருடம். ஏழரைச் சனி என்பது மூன்று இராசி, மூன்று இரண்டரை. இப்போது விதியைப் போடுங்கள்: காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்குச் சமம், காலம் வருடத்தில், தூரம் பூமி–சூரியத் தூரத்தில். 12இன் வர்க்கம் 144, அதன் கனமூலம் 5.2. 30இன் வர்க்கம் 900, கனமூலம் 9.7. அளந்த தூரங்கள் 5.2, 9.5. சோதிடப் பலனை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்தக் காலங்களை முன்னோர் வானத்தைப் பார்த்து எடுத்தார்கள், அதனால்தான் கணக்கு சரிவருகிறது. ராகுவும் கேதுவும் கோள்கள் அல்ல, சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால், அந்தப் புள்ளிகளுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ வந்தால்தான் கிரகணம். வக்கிரம், அதாவது ஒரு கோள் சில காலம் பின்னோக்கி நகர்வது, என்பது காலி வீதியில் வேகமான பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது மற்ற பஸ் பின்னால் போவதுபோல் தோன்றுவது. பூமி உள்வட்டத்தில் முந்திப் போகிறது.

புத்தகம் மேட இராசி மார்ச் 20இல் தொடங்குகிறது என்று சொல்லும், நமது புத்தாண்டு ஏப்ரல் 14. இரண்டும் பிழையில்லை. பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 வருடத்தில் பம்பரம் போல ஒரு சுற்று ஆடுகிறது, 72 வருடத்துக்கு ஒரு பாகை. சேர்ந்த வித்தியாசம் இப்போது 24 பாகை. நாம் நட்சத்திரங்களை வைத்து எண்ணுகிறோம், அவர்கள் சம இராப்பகல் புள்ளியை வைத்து.

படி 4: காலிமுகத்திடலில் ஒரு தேங்காயை வையுங்கள்

சூரிய குடும்பத்தின் அளவுகளைப் பாடமாக்கினால் இரண்டு வாரத்தில் மறந்துபோகும். நடந்து பாருங்கள். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு லட்சம் கிலோமீற்றர் என்ற அளவில் சுருக்கினால், சூரியன் 14 சென்ரிமீற்றர், ஒரு உரித்த தேங்காய். திடலின் வடக்கு முனையில் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும்.

தெற்கே நடக்கத் தொடங்குங்கள். ஆறு மீற்றரில் புதன், மணல் துணிக்கை. பதினொன்றில் வெள்ளி, ஒரு கடுகு. பதினைந்து மீற்றரில், ஏறத்தாழ இருபதாவது எட்டில், இன்னொரு கடுகு: பூமி. நிலா அதிலிருந்து நாலு சென்ரிமீற்றர் தள்ளி. மனிதர் இதுவரை போன மிகத் தூரப் பயணம் அந்த நாலு சென்ரிமீற்றர் சுற்றுவட்டாரம்தான். இருபத்துமூன்றில் செவ்வாய், குரக்கனிலும் சிறிது.

பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. 78 மீற்றரில் வியாழன். திடலில் விற்கும் அவித்த கடலையில் பெரியதாக ஒன்றை எடுத்து வையுங்கள், அளவு சரியாக வரும். 143இல் சனி, கொஞ்சம் சிறிய கடலை. 287இல் யுரேனஸ், ஒரு மிளகு. 450 மீற்றரில் நெப்டியூன், இன்னொரு மிளகு. திடலின் நீளம் ஏறத்தாழ 500 மீற்றர், முழுக் குடும்பமும் அதற்குள் அடங்கிவிடும்.

கடைசி மிளகை வைத்துவிட்டுத் திரும்பி, தேங்காயோடு நிற்கும் நண்பரைப் பாருங்கள். அந்தத் தேங்காயின் ஈர்ப்பு இவ்வளவு தூரத்தில் இந்த மிளகைப் பிடித்து வைத்திருக்கிறது. இதே அளவில் ஒளி நொடிக்கு மூன்று சென்ரிமீற்றர் ஊரும். தேங்காயிலிருந்து கடுகுக்கு வர 500 நொடி. நான் ஒருமுறை அந்தப் பதினைந்து மீற்றரை ஒளியின் வேகத்தில் நடந்து பார்த்தேன், எட்டு நிமிடம் இருபது நொடி எடுத்தது. அதன்பிறகு அந்த எண் எனக்கு மறக்கவே இல்லை.

அடுத்த தேங்காய் எங்கே? அல்பா சென்டோரி 4.4 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நமது அளவில் 4,100 கிலோமீற்றர், கொழும்பிலிருந்து ஹொங்கொங். நடுவில் எதுவும் இல்லை.

அங்கேயே நின்று இடமாறு தோற்றத்தையும் பார்த்துவிடலாம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் அநேகமாக நிற்கும். கிட்டவும் எட்டவுமாக இரண்டைத் தெரிந்து, நூறு எட்டு நடந்துவிட்டு மீண்டும் பாருங்கள். கிட்ட நிற்பது எட்ட நிற்பதற்கு முன்னால் இடம் மாறியிருக்கும். பூமியின் சுற்றுப்பாதையில் ஜனவரியும் ஜூலையும் அந்த நூறு எட்டின் இரண்டு முனைகள். 1838இல் பெசல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை முதலில் இப்படித்தான் நம்பத்தக்கதாக அளந்தார். அல்பா சென்டோரியின் இடமாறு கோணம் 0.75 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). 2.7 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு சென்ரிமீற்றரைப் பார்க்கும் கோணம் அது.

படி 5: ஒளி

இந்த அத்தியாயத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், ஆனால் வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம். பழைய சீடி ஒன்றை எடுத்து இரவில் தெருவிளக்கின் ஒளியைச் சாய்வாகப் பிடியுங்கள். எல்இடி விளக்கு தொடர்ந்த வானவில்லாக விரியும். மஞ்சள் சோடியம் விளக்கு எங்காவது மிச்சமிருந்தால் தனிக் கோடுகளையும் இடைவெளிகளையும் காணலாம். ஒவ்வொரு மூலகத்துக்கும் தன் கோடுகள் உண்டு. 1868 ஓகஸ்ட் 18 கிரகணத்தில் இந்தியாவின் குண்டூரிலிருந்து பார்த்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் உட்பட அந்த வருடம் சூரியனின் ஒளியைப் பிரித்தவர்கள் சோடியத்துக்கு அருகில், ஆனால் சோடியம் அல்லாத ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார்கள். அது ஈலியம்.

சொற்களில் கவனம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தமிழ்க் குறிப்புகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொற்களில் இருக்கும். நாம் திருசியம் என்பது அங்கே நிறமாலை, நமது ஐதரசன் அங்கே ஹைட்ரஜன், ஆரை அங்கே ஆரம். இவை பரவாயில்லை. ஆபத்தான சொல் நிறை. நமக்கு அது எடை, அவர்களுக்கு அது நாம் திணிவு என்று சொல்வது. ஈர்ப்புக் கணக்கில் இதைக் கலந்தால் விடை 9.8 மடங்கு பிழைக்கும்.

படி 6: பிறந்த நட்சத்திரங்களை வரைபில் போடுங்கள்

நட்சத்திரங்களைப் பற்றிய பாடம் முழுவதும் ஹெர்ட்ஸ்ப்ரங்–ரசல் வரைபில் தொங்குகிறது. அதை மனனம் செய்யாமல் நீங்களே கட்டுங்கள். கீழ் அச்சில் மேற்பரப்பு வெப்பநிலை, அது இடப்பக்கம் கூடி வலப்பக்கம் குறையும் (முதலில் எல்லோரும் இதைத் தலைகீழாகப் போடுவார்கள்). நிலை அச்சில் ஒளிர்வு, சூரியனை ஒன்று என்று வைத்து ஒவ்வொரு கட்டமும் பத்து மடங்கு.

சூரியன் 5,800 கெல்வின், 1. சிரியஸ் 9,900, 25. திருவோணம் 7,700, 11. மகம் 12,000 அளவு, 300 அளவு. சித்திரை 25,000, ஏறத்தாழ 20,000. இந்த ஐந்தும் ஒரு சரிவான பட்டியில் விழும், ஐதரசனை ஈலியமாக்கி எரியும் முதன்மைத் தொடர் அது. சுவாதி 4,300, 170. ரோகிணி 3,900, 400க்கு மேல். இவை பட்டியை விட்டு வலப்பக்கம் மேலே நிற்கும். திருவாதிரையும் கேட்டையும் 3,500 அளவில், ஆனால் சூரியனைவிடப் பல பத்தாயிரம் மடங்கு ஒளிர்வோடு உச்சியில். அம்மம்மாவின் நட்சத்திரம் கேட்டை. நான் வரைபில் அந்தப் புள்ளியைக் காட்டியபோது, இவ்வளவு நாளும் பெயர் மட்டும்தான் தெரியும் என்றா.

இப்போது கேள்வி கேளுங்கள். சிவந்த பொருள் ஒரு சதுர மீற்றருக்கு வெள்ளைப் பொருளைவிடக் குறைவாக ஒளிரும். அப்படியென்றால் சிவந்த திருவாதிரை எப்படி இவ்வளவு ஒளிரும்? பரப்பு மிகப் பெரியதாக இருந்தால் மட்டுமே. சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் உள்ளே எடுத்துவிடும். நமது தேங்காய் அளவில் ஏறத்தாழ நூறு மீற்றர் அகலம். 2019 ஒக்டோபரிலிருந்து 2020 பெப்ரவரி வரை அது வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு மங்கியது, அது வீசிய வாயு குளிர்ந்து தூசாகி ஒளியை மறைத்தது. சூரியனின் வயது 460 கோடி வருடம். திருவாதிரைக்கு ஒரு கோடி வருடம் போலத்தான் ஆகிறது, முடிவும் கிட்ட வந்துவிட்டது. திணிவு கூடினால் எரிபொருள் கூடத்தான், செலவு அதைவிடப் பன்மடங்கு.

எப்போது, எங்கே

கொழும்பில் நல்ல வானம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று முகிலைக் கொண்டுவரும், ஒக்டோபர், நவம்பர் மாலைகளில் இடியும் மழையும். அந்த மாதங்களில் கணக்குப் பகுதியைப் படியுங்கள். 1965இல் கட்டிய கோள்மண்டலம் கொழும்பு 7இல் இருக்கிறது, காட்சி நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். மொரட்டுவை கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில் 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது, பொதுமக்களுக்கு எப்போது காட்டுவார்கள் என்று விசாரியுங்கள்.

டோர்ச்சின் முகத்தில் வெசாக் கூட்டுக்கு விற்கும் சிவப்புத் தாளை ஒட்டிக்கொண்டு, பெப்ரவரி நடுப்பகுதியில் நிலவில்லாத ஓர் இரவு, எட்டரை மணிக்கு மொட்டை மாடியில் பாய் விரித்து மல்லாந்து படுங்கள். நேர் உச்சியில், உச்சிப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ ஒரு நிலவின் அகலமே தள்ளி, சிவப்பாகத் திருவாதிரை நிற்கும். 40 பாகைக்காரருக்கு அது ஒருநாளும் தலைக்கு மேல் வராது. தெற்கே மூன்று பொத்திய கை உயரத்தில் அகத்திய நட்சத்திரமும் இருக்கும், அவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. திகதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு வாருங்கள். நட்சத்திரங்கள் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வருவதால், பத்து நாள் கழித்து அதே இடத்தில் அதைப் பார்க்க 7.50க்கே பாய் விரிக்க வேண்டியிருக்கும்.